கேமராவுக்கு ஸ்பேர் பேட்டரி: எதை வாங்குவது, எத்தனை வைத்துக்கொள்வது, எப்படி எடுத்துச் செல்வது

நிக்கான் டி850, நிக்கான் இசட்7 இரண்டும் ஒரே குடும்பத்துப் பேட்டரியில் ஓடும் கேமராக்கள். இரண்டோடும் வந்த பேட்டரியின் கொள்ளளவு ஒன்றே: 1900 எம்ஏஎச், 14 வாட்-மணி. ஆனால் ஒரு முழு சார்ஜில் டி850 1840 படம் எடுக்கும், இசட்7 330 படம் எடுக்கும் என்று நிறுவனமே கணக்குக் கொடுத்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் ஸ்பேர் பேட்டரி பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டி850 கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் லென்ஸ் வழியே வரும் ஒளி கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் படத்தைப் பதியும் சென்சார் விழிக்கிறது. இசட்7 மிரர்லெஸ், அதாவது அந்தக் கண்ணாடி இல்லாதது. கேமரா ஆனில் இருக்கும் வரை சென்சார் காட்சியைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ராசஸர் அதை உடனுக்குடன் படமாக்க வேண்டும். ஏதாவது ஒரு திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஒரு படம்கூட எடுக்காமல் காத்திருந்தாலும் பேட்டரி இறங்கும்.

ஆகவே மிரர்லெஸ்ஸோ, பின்திரையைப் பார்த்து எடுக்கும் சிறிய கேமராவோ வைத்திருப்பவர்கள் எத்தனை படம் என்று எண்ணிப் பயனில்லை. கேமரா எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறது என்பதே கணக்கு.

பெட்டியில் போட்டிருக்கும் அந்தப் பட எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சிபா என்ற ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கம் வகுத்த சோதனை முறை அது. அறை வெப்பம் 23 டிகிரி. 30 வினாடிக்கு ஒரு படம். கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு அது அடிக்க வேண்டும். 10 படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்து மறுபடி போட வேண்டும். இப்படி யாரும் படம் எடுப்பதில்லை. ஓடும் குதிரையைத் தொடர் ஷாட்டில் எடுப்பவருக்கு, 330 என்று போட்ட கேமராவே ஆயிரம் படத்தைத் தாண்டும். ஏனென்றால் அந்த ஆயிரமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மரத்தடியில் ஒரு பறவைக்காக வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி இரண்டு மணி நேரம் காத்திருப்பவர் ஐம்பது படம்கூட எடுக்காமல் பேட்டரியைத் தீர்த்துவிடுவார். சிபா எண் இரண்டு கேமராக்களை ஒப்பிடத்தான் பயன்படும். உங்கள் தேவையை அது சொல்லாது.

பேட்டரி மேல் எழுதியிருப்பது என்ன?

சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச், 16.4 வாட்-மணி என்று மூன்று எண்கள் இருக்கும். வோல்ட் என்பது மின்னழுத்தம். ஒரு லித்தியம் அயான் செல் சராசரியாக 3.6 வோல்ட் தரும். உள்ளே இரண்டு செல்லை வரிசையாக இணைத்திருப்பதால் 7.2. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட் வரை போகும், தீரத் தீர இறங்கும். எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி, அதாவது எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தர முடியும் என்பது. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி: 7.2 × 2280 ÷ 1000 = 16.4. பேட்டரிக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் இதுதான்.

ஒப்பிடும்போது எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட்-மணியைப் பாருங்கள். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் இருக்கிறது, கேமரா பேட்டரியை நான்கு முறை நிரப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பவர் பேங்கின் எம்ஏஎச் அதன் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 3.7 × 10000 ÷ 1000 = 37 வாட்-மணி. அதிலும் வோல்டேஜை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கால் பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது 26, 27 வாட்-மணி. 16.4 வாட்-மணி பேட்டரியை ஒன்றரை முறை நிரப்பலாம், அவ்வளவுதான்.

உங்கள் கேமராவுக்கு எது பொருந்தும்?

முதலில் கேமராவில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி அதன் மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. கேனானின் எல்பி-ஈ6 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த எல்பி-ஈ6 1800 எம்ஏஎச். பிறகு எல்பி-ஈ6என் 1865, எல்பி-ஈ6என்எச் 2130. வடிவம் ஒன்றே, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும். ஆனால் கேமராவுக்குள் வைத்தபடியே யூஎஸ்பி வழியாக சார்ஜ் செய்யும் வசதி பழைய எல்பி-ஈ6க்குக் கிடையாது. அடுத்து வந்த எல்பி-ஈ6பி கொள்ளளவில் பெரிதாக மாறவில்லை. ஆனால் கூடுதல் மின்னோட்டம் தரக்கூடியது. ஆர்5 மார்க் 2 போன்ற கேமராவில் பழைய பேட்டரியைப் போட்டால் சில வசதிகள் முடங்கும்.

நிக்கானிலும் இதே கதைதான். ஈஎன்-ஈஎல்15, 15ஏ இரண்டையும் கேமராவுக்குள் வைத்து சார்ஜ் செய்ய முடியாது, தனி சார்ஜர் வேண்டும். 15பி, 15சி இரண்டிலும் முடியும். 15சி 2280 எம்ஏஎச். பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் ஸ்பேர் வாங்கும்போது 15சி வாங்கிவிட்டால், நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அது கைகொடுக்கும். ஒரே குடும்பத்தில் எப்போதும் புதியதை வாங்குவதே சரி. வாங்கும் முன் உங்கள் கேமரா அதை ஏற்கிறதா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில கேமராக்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் செய்த பிறகே புதிய பேட்டரி சரியாகத் தெரியும்.

ஒரிஜினலா, மற்ற கம்பெனியா?

ஒரிஜினலின் விலையில் பாதிக்கும் குறைவாக மற்ற கம்பெனிப் பேட்டரிகள் கிடைக்கின்றன. அவை எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல பெயருள்ள தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எங்கே தவறு நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும்.

முதல் தவறு, லேபிளில் எழுதும் பொய். ஃபியூஜிஃபில்மின் என்பி-டபிள்யூ126எஸ் 1260 எம்ஏஎச். அதே அளவுக் கூட்டுக்குள் வேறொருவர் 2000க்கு மேல் அடைத்ததாக எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். கூட்டின் அளவு மாறாதபோது உள்ளே போகும் செல்லின் அளவும் மாறாது. ஒரிஜினலைவிட ஐந்து பத்து சதவீதம் கூடுதல் என்றால் புதிய செல் போட்டிருக்கலாம். ஒன்றரை மடங்கு என்றால் அது அச்சடித்த எண் மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்க சமையலறைத் தராசு போதும். லித்தியம் பேட்டரியின் எடையில் பெரும்பகுதி செல்லின் எடை. சோனி என்பி-எஃப்இசட்100 ஏறக்குறைய 83 கிராம். அதே கொள்ளளவு என்று சொல்லி விற்கும் இன்னொன்று 60 கிராம்தான் வருகிறது என்றால் உள்ளே சிறிய செல்லை வைத்து மீதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஒரிஜினல் என்று நம்பி வாங்கியது போலியா என்று பார்க்கவும் இதுவே முதல் சோதனை. அதோடு அச்செழுத்துகளையும் பாருங்கள். போலியில் எழுத்துகள் லேசாகத் தடித்தோ மங்கியோ இருக்கும், சான்றிதழ்ச் சின்னங்கள் கோணலாக இருக்கும், கூட்டின் இணைப்புக்கோட்டில் பசை பிதுங்கியிருக்கும்.

இரண்டாவது, பேச்சு வார்த்தை. இன்றைய பேட்டரியில் பிளஸ், மைனஸ் தவிர இன்னும் ஓரிரு தொடுமுனைகள் இருக்கும். ஒன்று வெப்பநிலையைச் சொல்லும், இன்னொன்று பேட்டரியில் இருக்கும் சிப்பை கேமராவோடு பேச வைக்கும். மற்ற கம்பெனிக்காரர் இந்தப் பேச்சைத் தானே கண்டுபிடித்துத்தான் செய்திருப்பார். சரியாகச் செய்யாவிட்டால் மீதிச் சதவீதம் தெரியாது. அல்லது 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடும். ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு கேமரா அந்தப் பேட்டரியை அடையாளம் தெரியவில்லை என்று ஒதுக்குவதும் உண்டு.

மூன்றாவதுதான் அதிகக் கவலை தருவது: பாதுகாப்புச் சர்க்யூட். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமலும், அடிமட்டத்துக்குக் கீழே இறங்காமலும், ஷார்ட் ஆனால் உடனே துண்டித்தும் செல்லைக் காப்பது அது. மிக மலிவான பேட்டரியில் அது மட்டமாக இருக்கும். அப்படிப்பட்டவை ஓராண்டுக்குள்ளேயே உப்பத் தொடங்கும். பேட்டரி அரை மில்லிமீட்டர் உப்பினாலே போதும், கேமராவின் அறைக்குள் இறுகிக்கொண்டு வெளியே வராது. பணம் மிச்சப்படுத்த வாங்கியது கேமராவையே சர்வீசுக்கு அனுப்ப வைத்துவிடும்.

எங்கள் பரிந்துரை இது. வேலைக்காகப் படம் எடுப்பவர்கள் ஒரிஜினலே வாங்குங்கள். பொழுதுபோக்குக்கு எடுப்பவர்கள் கேமராவோடு வந்த ஒரிஜினலை முதன்மையாக வைத்து, ஸ்பேருக்கு நல்ல பெயருள்ள கம்பெனியின் ஒன்றை மட்டும் வாங்கிச் சோதியுங்கள். தேறினால் இன்னொன்று வாங்கலாம். மூன்று பேட்டரி, இரட்டைச் சார்ஜர் என்று கட்டாக வருவதை முதலிலேயே வாங்காதீர்கள்.

சோதனை எளிது. ஒரிஜினலை முழுதும் சார்ஜ் செய்து, கேமராவில் போட்டு, ஒரே தெளிவுத்திறனில் வீடியோ பதிவை ஓட விடுங்கள். கேமரா அணைவது வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். பதிவு தானாக நின்றால் உடனே மறுபடி தொடங்குங்கள். சூடு ஆறியதும் புதிய பேட்டரியைப் போட்டு, அதே அறையில், அதே செட்டிங்கில் இன்னொருமுறை. ஒரிஜினலில் 120 நிமிடம், புதியதில் 105 என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 70 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் பேட்டரி கையில் பிடிக்க முடியாத சூடாக இருக்கக் கூடாது. அறைக்குள் நுழையும்போது உரசாமல் போக வேண்டும், தாழ்ப்பாளை விலக்கினால் தானாக மேலே எழும்ப வேண்டும். விரலால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அந்தப் பேட்டரி வேண்டாம். பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இவ்வளவையும் செய்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

பென்சில் பேட்டரி போடும் கேமராவும் ஃபிளாஷும்

டபுள் ஏ அளவு பேட்டரி போடும் பழைய கேமராக்களும் வெளி ஃபிளாஷ்களும் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் பேட்டரியே சரி. ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தான் என்று பார்த்து ஏமாற வேண்டாம். ஃபிளாஷ் போன்றவை திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும். ஆல்கலைனின் உள்தடை அதிகம் என்பதால் அந்த நேரத்தில் அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். கேமரா தீர்ந்துவிட்டது என்று சொல்லும். அதே ஆல்கலைனைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். 2005இல் எனெலூப் என்ற பிராண்டு வந்த பிறகு, சும்மா இருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகை பரவலாகக் கிடைக்கிறது. ஸ்பேராக வைத்திருக்க அந்த வகையையே கேட்டு வாங்குங்கள். நான்கு நான்காக எண் எழுதி ஒரே செட்டாக வையுங்கள். ஒரு செட்டில் பழையது ஒன்று கலந்தாலும், அது முதலில் தீர்ந்து, மற்ற மூன்றும் மின்னோட்டத்தை அதன் வழியாகத் தள்ளுவதால் அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாகிக் கெட்டுவிடும். கேமரா மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவைத் தவறாகக் காட்டும்.

எத்தனை வேண்டும்?

மேலே சொன்ன வீடியோ சோதனை ஓர் எல்லையைத்தான் காட்டும். உங்கள் பழக்கத்துக்கான எண் வேண்டுமென்றால், வழக்கம்போல் படம் எடுக்கும் ஒரு நாளில் முழு பேட்டரியோடு தொடங்கி, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, அதில் கேமரா ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆனில் இருந்தது என்று குறியுங்கள். இரண்டரை மணி நேரம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர நிகழ்ச்சியில் கேமரா விழித்திருப்பது ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு பேட்டரி தேவை. அதோடு ஒன்று சேர்த்து மூன்று. அந்த மூன்றாவது, ஏதாவது ஒன்று சார்ஜ் ஏறாமல் போனதற்கும், மற்றொன்று கீழே விழுந்ததற்கும், நிகழ்ச்சி நீண்டதற்கும் சேர்த்துத்தான். கேமராவுக்குள் இருப்பதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்கு எடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு மொத்தம் இரண்டு போதும். நீண்ட வீடியோ, கடுங்குளிர், மின்வசதி இல்லாத பயணம் என்றால் கணக்கை இரட்டிப்பாக்குங்கள்.

இன்னொரு பேட்டரி வாங்கும் முன் இருப்பதன் ஆயுளை நீட்டலாம். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடம் அல்லது 30 வினாடிக்குக் குறையுங்கள். படம் எடுத்ததும் திரையில் காட்டும் வசதியை நிறுத்துங்கள். வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் அணையுங்கள். சில கேமராக்களில் சுவிட்சை அணைத்த பிறகும் ப்ளூடூத் போனோடு தொடர்பில் இருந்து பேட்டரியை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஏரோப்ளேன் மோட் போட்டால் எல்லாம் ஒரே தட்டில் அணையும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே வைத்திருப்பதை விட்டாலே, ஆட்டோ ஃபோகஸும் நடுக்கம் தடுக்கும் வசதியும் ஓய்வெடுக்கும். கழுத்தில் தொங்கும் கேமராவின் கண்-சென்சார் சட்டையில் பட்டுக்கொண்டே இருந்தால், கண் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து வ்யூஃபைண்டர் எரிந்துகொண்டிருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வீடியோ ஆக்குவது) போல ஒரே இடத்தில் பல மணி நேரம் எடுப்பவர்களுக்கு ஸ்பேர் பேட்டரியைவிட யூஎஸ்பி வழியாக நேரடி மின்சாரமோ, பேட்டரி வடிவிலேயே கம்பியோடு வரும் டம்மி பேட்டரியோ நல்லது. முதலில் உங்கள் கேமரா யூஎஸ்பியில் ஓடுமா, அல்லது அணைத்திருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏறுமா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. கேமரா மிகக் குறைந்த மின்னோட்டம் இழுக்கும்போது, யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிச் சில பவர் பேங்க் தானாக அணைந்துவிடும்; இரவெல்லாம் ஓட வேண்டிய படப்பிடிப்பு பாதியில் நிற்கும். அதனால் வீட்டில் ஒருமுறை முழு நேரமும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

சார்ஜ் செய்வதும் அடையாளம் வைப்பதும்

லித்தியம் பேட்டரியை முழுதும் தீர்த்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். லித்தியத்துக்கு அந்த ஞாபகக் கோளாறு கிடையாது. பாதியில் போட்டாலும் தவறில்லை. அடிமட்டம் வரை தீர்ப்பதுதான் அதற்குக் கெடுதல். முதல் 80 சதவீதம் வேகமாக ஏறும், கடைசி 20 மெதுவாக ஏறும். கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, இரண்டு பேட்டரி காலியாக இருக்கிறது என்றால், ஒன்றை முழுதாக நிரப்பக் காத்திருக்காமல் இரண்டையும் பாதி பாதி ஏற்றிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் அதிக ஆற்றல் கிடைக்கும். பல சார்ஜர்களில் விளக்கு சிமிட்டும் முறையே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். கேனானின் எல்சி-ஈ6 சார்ஜரில் ஒருமுறை சிமிட்டினால் 50க்குக் கீழே, இரண்டு முறை என்றால் 50க்கு மேல், மூன்று முறை என்றால் 75க்கு மேல், பச்சை என்றால் நிறைந்தது.

வாங்கிய அன்றே ஒவ்வொரு பேட்டரியிலும் எண்ணையும் மாதம், ஆண்டையும் அழியாத மையில் எழுதுங்கள். தொடுமுனைகள் மேல் மட்டும் எழுத்தோ ஸ்டிக்கரோ வரக் கூடாது. தடித்த ஸ்டிக்கர் ஒட்டினால் அதுவே அறைக்குள் சிக்கும். எண் இருந்தால்தான், மூன்றாம் எண் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்கிறது என்பது புலப்படும். இல்லாவிட்டால் எல்லாமே மோசமாகிவிட்டது போலத் தோன்றும். ஒரிஜினல் பேட்டரிகளின் உடல்நிலையை கேமரா மெனுவிலேயே பார்க்கலாம். கேனானில் மூன்று பச்சைக் கட்டம் என்றால் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு சிவப்புக் கட்டம் என்றால் மாற்றும் நேரம். நிக்கானில் 0 முதல் 4 வரை வயது காட்டும். 4 என்றால் முடிந்தது.

நிறைந்தது எது, தீர்ந்தது எது என்று பையில் கைவிட்டதும் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு மாற்றாதீர்கள். நிறைந்தது மூடி போட்டு வலப்பக்கப் பையில், தீர்ந்தது இடப்பக்கப் பையில் என்று வைக்கலாம். அல்லது உறைக்குள் நிறைந்தது தொடுமுனை மேலே, தீர்ந்தது தலைகீழாக. கேனான் எல்பி-ஈ6 மூடியில் இதற்கென்றே ஒரு சிறு ஜன்னல் வைத்திருக்கிறார்கள்: மூடியை ஒரு பக்கமாக மாட்டினால் அதன் வழியே பேட்டரியின் நீல நிறம் தெரியும், திருப்பி மாட்டினால் தெரியாது. நீலம் தெரிந்தால் நிறைந்தது.

பேட்டரியை மாற்றும் நேரமும் முக்கியம். சிவப்பு மின்னும் வரை காத்திருந்தால், முக்கியமான நேரத்தில்தான் கேமரா அணையும். 20 சதவீதம் இருக்கும்போதே, ஓய்வான ஓர் இடைவெளியில் மாற்றிவிடுங்கள். கார்டில் எழுதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரி மூடியைத் திறக்காதீர்கள். எழுதிக்கொண்டிருந்த படம் போவது மட்டுமல்ல, கார்டின் கோப்பு அட்டவணையே கெட்டு அதற்கு முந்தைய படங்களும் தெரியாமல் போகலாம். சுவிட்சை அணைத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்து, பிறகு திறவுங்கள்.

பையில், குளிரில், வெயிலில்

பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பாக்கெட்டில் போடவே கூடாது. ஒரு சாவி பிளஸ் மைனஸ் இரண்டையும் தொட்டால் ஷார்ட் ஆகி நொடிகளில் சுடும். பாதுகாப்புச் சர்க்யூட் காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். கூடவே வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைந்துவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரிலோ, அறை பிரித்த பேட்டரிப் பெட்டியிலோ வையுங்கள். தொடுமுனைகளை விரலால் தொடாமல் இருப்பதும், அழுக்கு தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைப்பதும் போதுமான பராமரிப்பு.

குளிரில் பேட்டரி தீர்வதில்லை, மந்தமாகிறது. உள்ளே நடக்கும் வேதிவினை மெதுவாகி உள்தடை கூடும். கேமரா மின்னோட்டம் இழுத்ததும் வோல்டேஜ் சரியும். கேமரா பேட்டரி காலி என்று நினைத்து அணைந்துவிடும். அதே பேட்டரியைச் சட்டையின் உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் மறுபடி ஓடும். ஆகவே பனிப் பிரதேசத்தில் ஸ்பேர் எல்லாம் உள்ளுடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆனால் உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் எதிர்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேல் உலோகப் படலமாகப் படியும். அது திரும்பச் சரியாகாது, உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

வெயில் வேறு விதம். குளிரில் பட்டது திரும்பி வரும், சூட்டில் இழந்த கொள்ளளவு வரவே வராது. கதவடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விடாதீர்கள். அதுவும் முழு சார்ஜோடு சூட்டில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை.

மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 40 முதல் 50 சதவீதம் சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, மூடி போட்டு, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். கேமராவுக்குள்ளேயே விட்டால், அணைத்திருந்தாலும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சார்ஜரே அதை ஏற்காது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

விமானப் பயணம்

தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி சரக்குக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது. கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் இருக்க வேண்டும். இது சர்வதேச விதி. பவர் பேங்கும் பேட்டரிக் கணக்கில்தான் வரும். காரணம் எளிது: ஒரு லித்தியம் செல் கட்டுமீறிச் சூடேறத் தொடங்கினால் தன் சூட்டாலேயே பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். பயணிகள் அறையில் நடந்தால் பணியாளர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். சரக்கறையில் நடந்தால் கையெட்டாது.

100 வாட்-மணி வரை இருப்பவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டாம். சாதாரணக் கேமரா பேட்டரி ஒன்று 7 முதல் 17 வாட்-மணிதான், அதனால் கவலை இல்லை. இந்த வரம்பு ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி, கூட்டிப் பார்ப்பது அல்ல. 100க்கு மேல் 160 வரை என்றால், பெரிய வீடியோ கேமராவின் பேட்டரி போன்றவை, அனுமதி வாங்கி இரண்டு மட்டும் கொண்டு போகலாம். 160ஐத் தாண்டியதைப் பயணி எடுத்துச் செல்ல முடியாது. எண்ணிக்கைக்கும் சில நிறுவனங்கள் வரம்பு வைக்கின்றன என்பதால் பத்துப் பன்னிரண்டு பேட்டரியோடு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தொடுமுனையும் மூடியிருக்க வேண்டும். மூடி இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். வாட்-மணி எண் தேய்ந்து அழிந்த பேட்டரியைப் பரிசோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு உண்டு.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விமானம் நிறைந்துவிட்டது என்று ஏறும் வாசலில் கைப்பையைக் கேட்டு வாங்கிச் சரக்கில் போடுவார்கள். அந்த அவசரத்தில் உள்ளே இருக்கும் ஸ்பேர் பேட்டரி நினைவுக்கு வராது. எல்லாப் பேட்டரியும் ஒரே சின்ன உறையில், பையின் மேல் அறையில் இருந்தால், ஒரே இழுப்பில் வெளியே எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்துவிடலாம்.

உப்பிய பேட்டரி

பேட்டரியை மேசை மேல் தட்டையாக வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் வயிறு உப்பியிருக்கிறது. உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதைத் திரும்ப கேமராவிலோ சார்ஜரிலோ போடாதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் வேலை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாமல் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். வெளியே இருப்பதன் தொடுமுனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பற்றும். உப்பாமல் ஆயுள் முடிந்த பேட்டரிக்கும் இதே வழிதான்.